திறந்தே கிடந்த அழைப்புகள்

அவசர உதவி அழைப்பு மையத்தில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளை விட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான். மேலாளர் மட்டும் கோபம் வந்தால் அவளுடைய பதவியைச் சொல்லி அழைப்பார். மற்ற நேரங்களில் அவருக்கும் அவள் காதக்காதான்.

பதினோரு வருடம் கீழ்த்தளத்தில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அழைப்பு எடுத்தவள். போன் செய்துவிட்டுப் பேச முடியாமல் திணறுகிறவர்கள் தினமும் நாலைந்து பேராவது இருப்பார்கள். மற்றவர்கள் "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருக்கும்போது, இவள் வாயை மூடிக்கொண்டு பின்னால் என்ன கேட்கிறது என்று கவனிப்பாள். மரம் அறுக்கும் இயந்திரம், பள்ளிக்கூட மணி, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் என்று எது காதில் விழுந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சொல்லிவிடுவாள். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாற்பது வயதில் இடது காதில் ஒரு விடாத ரீங்காரம் தொடங்கியது. மருத்துவர் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டார். வேறு வேலை கேட்டபோது, மாடியில் சர்வர் அறையில் ஆள் இல்லை என்றார்கள். தன் மகள் வயதுப் பெண்களோடு மாலை வகுப்பில் உட்கார்ந்து இரண்டு வருடம் படித்து அந்த அறைக்குப் போனாள். சின்ன அறை, எப்போதும் குளிர், கதவில் உடைந்த கைப்பிடி. அங்கே அவள் ஆறு வருடமாகத் தனியாள்.

அந்த வருடத்தின் தொடக்கத்தில் மையத்துக்குப் புது மென்பொருள் வந்தது. அழைப்பை வாங்கி, வரிசையில் நிறுத்தி, பதிவு செய்து, வண்டியை அனுப்புவதுவரை எல்லாம் அதன் பொறுப்பு. அது கன்டெய்னர் என்று சொல்லப்படும் தனித்தனிப் பெட்டிகளுக்குள் ஓடியது. ஒரு சர்வருக்குள்ளேயே தடுப்புச் சுவர் எழுப்பி, ஒவ்வொரு நிரலையும் தன் அறைக்குள் அடைத்து வைத்த மாதிரி. ஒன்று கெட்டால் மற்றது கெடாது. அணைத்து எழுப்பினால் புதிதுபோல நிற்கும். மேலாளருக்கு அதில் அவ்வளவு பெருமை. முதல் இரண்டு மாதம் தினமும் காலையில் ஏதாவது திருத்தம் வரும், பெட்டி ஒருமுறை அணைந்து எழும். பிறகு திருத்தங்கள் நின்றன. "இப்பதான் செட் ஆயிருச்சு" என்றார் மேலாளர்.

செட் ஆகி நான்காவது நாள், செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றே முக்காலுக்குக் கீழ்த்தளம் அமைதியானது.

அவள் டீ எடுக்கக் கீழே இறங்கியிருந்தாள். பன்னிரண்டு இருக்கைகளிலும் விளக்கு பச்சையாக இருந்தது. ஒரு பெண் சோம்பல் முறித்தாள். இன்னொருத்தி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "என்னக்கா, இன்னைக்கு ஊருக்கே உடம்பு நல்லா இருக்கு போல" என்று சிரித்தாள் ஒருத்தி.

காதக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு வருடத்தில் அந்தக் கூடத்தில் ஒரு நிமிடம் முழுதாக அமைதி இருந்ததாக அவளுக்கு நினைவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுப் படியேறி ஓடினாள்.

சர்வரின் பதிவேட்டில் ஒரே வரி, திரை கொள்ளாமல் மறுபடி மறுபடி விழுந்துகொண்டிருந்தது: திறந்த ஃபைல்கள் அளவுக்கு மீறிவிட்டன. காரணம் தேட நேரமில்லை. பெட்டியை அணைத்து எழுப்பினாள். எழுந்த அடுத்த நொடி கீழே பன்னிரண்டு மணிகளும் ஒன்றாக அலறின.

ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடத்தில் எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்பதற்கு எங்கேயும் தடயம் இல்லை.

அன்று மாலையே அவள் நோண்ட ஆரம்பித்தாள். ஒரு நிரல் ஒரு ஃபைலைத் திறந்தாலும், ஒரு போன் இணைப்பை வாங்கினாலும், சர்வர் அதற்கு ஒரு எண் கொடுக்கும். வேலை முடிந்தால் எண்ணைத் திருப்பித் தர வேண்டும். ஒரு நிரலுக்கு இத்தனை எண்தான் என்று வரம்பு உண்டு. எல்லா எண்ணும் தீர்ந்துவிட்டால் புது அழைப்புக்குக் கதவு திறக்காது. இதெல்லாம் அவளுக்குப் பாடம். அதனால்தான் அந்த வரம்பை அவளே முன்பு ஒரு லட்சமாக உயர்த்தி வைத்திருந்தாள். சர்வரில் பார்த்தால் இப்போதும் ஒரு லட்சம் என்றே காட்டியது.

பெட்டிக்குள் நுழைந்து அதே கேள்வியைக் கேட்டாள். ஆயிரத்து இருபத்து நான்கு என்றது.

அவளுக்குப் பகீரென்றது. சர்வரில் உள்ளே நுழைகிற ஆளுக்குத்தான் அந்த ஒரு லட்சம். பெட்டி அந்த வரம்பைப் பார்ப்பதே இல்லை. தன்னை எழுப்பிவிடும் நிரல் என்ன வரம்பு கொடுக்கிறதோ அதைத்தான் வாங்கிக்கொள்ளும். இவள் வீட்டுக்குப் பெரிய கதவு வைத்துவிட்டு, உள்ளறைக் கதவைப் பார்க்காமல் விட்டிருந்தாள்.

மறுநாள் பெட்டியின் அமைப்பிலேயே வரம்பை அறுபத்தைந்தாயிரமாக எழுதி எழுப்பினாள். மேலாளர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"அவ்ளோதானே? முடிஞ்சுதுல்ல?"

"வரம்பு ஏறிடுச்சு சார். ஆனா ஒரு நாளைக்கு இருநூத்தம்பது எண் போகுது, திரும்பி வரவே மாட்டேங்குது. எது புடிச்சு வச்சிருக்குன்னு பாக்கணும்."

அவர் மனக்கணக்குப் போட்டார். "அப்படிப் பாத்தா நிரம்பறதுக்கே எட்டு ஒம்பது மாசம் ஆகும். மென்பொருள்காரங்க கிட்டயும் பேசிட்டேன். வாரா வாரம் திங்கக்கிழமை காலைல பத்து மணிக்கு ஒருதடவ அணைச்சு எழுப்பச் சொல்றாங்க. எல்லாம் சுத்தமாயிரும். நீங்க இத தலைல தூக்கி வச்சுக்காதீங்க."

அவள் தலையாட்டினாள். ஆனால் தலையில்தான் வைத்துக்கொண்டாள். ஒரு மணிக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்தாள். காலையில் மெல்ல ஏறியது. மதியம் இரண்டிலிருந்து நான்குவரை மட்டும் கிடுகிடுவென்று ஏறியது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் ஷிஃப்ட் மாறும், கூடத்தில் பாதி இருக்கை காலியாக இருக்கும்.

சனிக்கிழமை மற்ற வேலையெல்லாம் முடித்துவிட்டு, பெட்டி எதையெல்லாம் திறந்து வைத்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எடுத்தாள். ஆயிரத்துச் சொச்சம் வரிகள். பெரும்பாலும் ஒரே மாதிரி: தேதி, நேரம், ஒரு போன் எண், கடைசியில், அழிக்கப்பட்டது என்ற குறிப்பு.

புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. அழைப்பு வந்ததும் மென்பொருள் ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுகிறது. ஆள் எடுப்பதற்குள் கூப்பிட்டவர் வைத்துவிட்டால், துப்புரவு நிரல் ஒன்று வந்து அந்தப் பதிவை அழித்துவிடுகிறது. கணக்கில் அழைப்பே வந்ததில்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் பதிவு செய்த நிரல் கையை எடுப்பதில்லை. பெயர் போய்விட்டது, உள்ளே இருப்பது போகவில்லை. நிரல் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது அங்கேயே கிடக்கும். பெட்டியை அணைத்தால்தான் நிஜமாகவே மறையும்.

ஆக, சர்வரின் மூச்சை முட்ட வைத்தவர்கள், யாரும் எடுக்காததால் வைத்துவிட்டுப் போன ஆட்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்கிறோம் என்று மாதா மாதம் மேலே போகும் அறிக்கையில் இவர்கள் ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாம் சுத்தமாகிவிடும் என்று மேலாளர் சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லாப் பதிவுகளையும் வேறொரு வட்டுக்கு நகல் எடுக்கப் போட்டாள். நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வலது காதில் மட்டும் ஹெட்செட்டை வைத்து ஒன்றைத் திறந்தாள்.

மூச்சு. பிறகு, "எடுக்க மாட்டேங்குறாங்கப்பா." டொக்.

இன்னொன்று. குழந்தை அழும் சத்தம், ஒரு பெண் யாரையோ "கார எடுங்க, கார எடுங்க" என்று விரட்டுகிறாள். டொக்.

பத்து கேட்டாள், இருபது கேட்டாள். முப்பதைத் தாண்டியபோது கை நின்றது. பின்னணியில் ஒரு உறுமல் கேட்டது. ஆழமாக, சீராக, நடுநடுவே ஒரு இழுப்போடு. அந்த உறுமலை ஏற்கெனவே கேட்டுவிட்டாள். பின்னால் போய்த் தேடினாள். வேறொரு எண்ணிலிருந்து, வேறொரு நாள், ஆனால் அதே உறுமல், அதே இழுப்பு.

மாலைக்குள் பத்தொன்பது கிடைத்தன. ஆறு வெவ்வேறு எண்கள், புதன் முதல் சனிவரை, எல்லாம் மதியம் இரண்டுக்கும் நாலுக்கும் இடையில். ஒரு ஆண் குரல்: "ஒண்ணுமில்ல, தலைதான் சுத்துது, வச்சிடறேன்." ஒரு இளைஞன்: "இது அவசரமான்னு தெரியல..." ஒரு வயதான பெண்மணி, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லையும் அழுத்திச் சொல்பவர், அன்று ஒரே மதியத்தில் ஐந்து முறை கூப்பிட்டிருந்தார். முதல் அழைப்பில் தெரு, கட்டடம், மூன்றாம் மாடி என்று முகவரியைச் சொல்லிக்கொண்டே வந்து, எதிரில் இயந்திரக் குரல்தான் ஓடுகிறது என்று புரிந்து நிறுத்திக்கொண்டார். நான்காவதில் வார்த்தைகள் குழறின. ஐந்தாவதில் உறுமல் மட்டும்தான்.

அந்த ஐந்தாவது அழைப்பு வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள், யாரும் எடுக்கவில்லை. மற்ற ஐந்தில் ஒருவர் மட்டும் எடுத்தார். "இப்ப நல்லா இருக்கேங்க. மதியானம் கொஞ்சம் தலவலி. எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஷிஃப்ட் பொறுப்பாளர் ஓய்வு பெற மூன்று மாதம் பாக்கியிருந்த மனிதர். அவரிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கட் பண்ண கால்மா அது. நம்ம திரையில இல்ல. அழைப்பு எண் இல்லாம வண்டிய நான் எப்படி அனுப்புவேன்? சிஸ்டமே விடாது. தலவலின்னு சொன்னவரே நல்லா இருக்கேன்றாரு."

"அந்தம்மா எடுக்கலையேண்ணே."

"தூங்கிட்டு இருப்பாங்க."

அந்த ஒரு வார்த்தையை அவள் அன்றைக்கு நம்பினாள். நம்ப வேண்டியிருந்தது என்று பிற்பாடு சொல்வாள். தலைவலிக்கும் உறுமலுக்கும் என்ன முடிச்சு என்று அவளுக்கே தெரியாதபோது, அடுத்தவரை எப்படி நம்ப வைப்பது?

அவள் கணவன் தண்ணீர் மோட்டார், எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தாமதமாக எழுந்து, வாசலில் உட்கார்ந்து ஏதாவது ஒரு உறுப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருப்பான். அன்றும் அப்படித்தான். அவள் அவன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு சத்தம் பண்ணிக் காட்றேன். என்னன்னு சொல்லுங்க. சிரிக்கக் கூடாது."

"நீ பண்ணு, அப்புறம் பாக்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொண்டையிலிருந்து அந்த உறுமலை எடுத்தாள். இழுப்பு வர வேண்டிய இடத்தில் மூச்சை உள்ளே இழுத்தாள். அவன் சிரித்துத்தான் விட்டான். ஆனால் இரண்டாவது முறை அவள் செய்தபோது துணியைக் கீழே வைத்தான்.

"டீசல் ஜெனரேட்டர். பழசு. அந்த இழுவை இருக்கு பாரு, அது புகைக்குழாய்ல ஓட்டை. எங்க நிக்குது?"

"தெரியல. வீட்டுக்குள்ள இருந்து பேசறவங்க போன்ல கேக்குது. ஆறு போன்லயும் ஒரே அளவுல கேக்குது."

"அப்ப கட்டடத்துக்கு அடியில வச்சிருக்கான், படுபாவி." அவன் முகம் மாறியது. "புகை படிக்கட்டு வழியா மேல ஏறும். வாசனைகூட பெருசா தெரியாது. முதல்ல தலவலி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்துல இருந்து..."

மின்தடை எந்தப் பகுதியில் எந்நேரம் என்று அந்த மாதம் முழுக்கச் செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது. அவர்கள் பார்க்கும்போது மணி ஒன்றே கால். இரண்டு மணிக்கு அந்த அம்மா சொன்ன தெருவில் மின்சாரம் போகும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்.

விடுமுறை நாளில், இரண்டேகாலுக்கு மையத்தில் வந்து நின்றவளைப் பார்த்ததும் பொறுப்பாளர் புருவத்தை உயர்த்தினார். அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் முகத்திலும் கலக்கம் தெரிந்தது. ஆனாலும் கையை விரித்தார். "அழைப்பு எண் இல்லாம முடியாதும்மா. வேணும்னே மறுக்கல."

அவள் கூடத்தின் மூலைக்குப் போனாள். தன் கைபேசியை எடுத்து அவசர உதவி எண்ணை அழுத்தினாள்.

இருபது வருடம் அந்தக் கட்டடத்தில் இருந்தவள், அன்றுதான் முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் இருங்கள்." இனிமையான குரல். பத்து நொடி. பதினைந்து. கண்ணெதிரே பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன, மீதிப் பேர் வேறு அழைப்புகளில் இருந்தார்கள். இருபது நொடியில் அவளுக்கே வைத்துவிடலாமா என்று தோன்றியது. நாற்பத்தொன்றாவது நொடியில் ஏழடி தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண் எடுத்தாள்.

"அவசர உதவி, சொல்லுங்க."

"நான்தான்மா, காதக்கா. திரும்பிப் பாக்காத, எழுதிக்கோ. இது நிஜ அழைப்பு."

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். காதக்கா முகவரியைச் சொன்னாள். புகை என்றாள், தீயணைப்பு வண்டியும் வேண்டும் என்றாள், மூன்றாம் மாடியில் ஒரு வயதான அம்மா போனை எடுக்கவில்லை என்றாள். திரையில் ஒரு எண் விழுந்தது. பொறுப்பாளர் உடனே வண்டிகளை அனுப்பினார்.

மூன்று மணிக்கு முதல் தகவல் வந்தது. ஜெனரேட்டரை அணைத்துவிட்டார்கள். படிக்கட்டில் ஒருவர் உட்கார்ந்தபடியே மயங்கியிருந்தார். நான்கு வீடுகளிலிருந்து ஒன்பது பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள். ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

மூன்றாம் மாடிப் பின்னறையின் கதவை உடைக்க வேண்டியிருந்தது. தனியாக இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. நாற்காலியில் சாய்ந்திருந்தார், போன் மடியில் இருந்தது. முந்தின நாள் மதியமே முடிந்துவிட்டது என்றார்கள்.

"நீ சத்தத்த வச்சுக் கண்டுபுடிச்ச" என்றார் பொறுப்பாளர். ஆறுதலாகச் சொன்னார் போலும். "நான்தான் தூங்கிட்டு இருப்பாங்கன்னு சொன்னேன்." சனிக்கிழமை மாலை அவள் கூப்பிட்டு மணி அடித்தபோது, அந்தப் போன் அந்த மடியில்தான் அடித்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை மேலாளர் அவளைப் பதவி சொல்லி அழைத்தார்.

"அழிச்ச பதிவ யார் கேட்டு எடுத்தீங்க? அது அந்தரங்கம். நாளைக்கு யாராவது கேஸ் போட்டா?"

"அழிக்கலையே சார். அழிச்சதா சொல்லிட்டு வச்சிருந்தோம்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஆகப்போகிறது. "பெட்டிய அணைச்சு எழுப்புங்க. முதல்ல அத செய்ங்க."

அவள் செய்தாள். ஆயிரத்து இருநூறு எண்களும் ஒரு நொடியில் விடுபட்டன. திரையில் எண்ணிக்கை நூற்று எழுபதுக்கு இறங்கியது. மேலாளர் பெருமூச்சு விட்டார். நகல் இருந்த வட்டு அவள் கைப்பையில் இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. மதியம் விசாரணைக்கு வந்த அதிகாரியின் மேசையில் அவள் அதை வைத்தபோது தெரிந்தது.

மென்பொருள்காரர்கள் இரண்டு மணி நேரத்தில் திருத்தம் அனுப்பினார்கள். கூப்பிட்டவர் வைத்துவிட்டால் ஃபைலை மூடு என்று ஒரே ஒரு வரி. துப்புரவு நிரலை நிறுத்தச் சொன்னவர் அந்த அதிகாரி. அடுத்த மாத அறிக்கையில் அந்தத் தொண்ணூற்றெட்டு சதவீதம் எண்பத்து மூன்றாக இறங்கியது. மேலாளரை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கட்டடக்காரன் மேல் வழக்கு நடக்கிறது. பாதியில் வைத்தவர்களைத் திரும்பக் கூப்பிடுவதற்கென்று கீழ்த்தளத்தில் மூன்று இருக்கைகள் போட்டார்கள். ஆனால் அவை அன்றன்றைய அழைப்புகளுக்குத்தான்.

அந்த வட்டில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கூப்பிடச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. விசாரணை முடிந்து வட்டு அவளிடமே திரும்பி வந்தது. மருத்துவர் தடுத்தும், மகள் போனில் சண்டை போட்டும், காதக்கா தினமும் மதியம் வேலை குறைந்த நேரத்தில் கீழ்த்தளத்துக்கு வந்து ஹெட்செட்டை வலது காதில் வைத்துக்கொள்கிறாள். ஒரு எண்ணைப் போடுகிறாள். "நீங்க ரெண்டு மாசம் முன்னாடி எங்களக் கூப்பிட்டீங்க" என்று தொடங்குகிறாள். பெரும்பாலானவர்கள் நினைவில்லை என்கிறார்கள். சிலர் திட்டுகிறார்கள். ஒருவர், "இப்ப எதுக்கும்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழுதார்.

சில எண்களில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவற்றைத் தனியாகக் குறித்து, மறுநாள் மறுபடி போடுகிறாள்.

போன வியாழக்கிழமை அப்படி ஒரு எண்ணை நான்காவது தடவை போட்டபோது யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. பின்னால் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீரா காற்றா என்று பிடிபடவில்லை. இடது காதின் ரீங்காரம் குறுக்கே வந்தது. அவள் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் முகவரி எடுக்கும்படி சைகை காட்டினாள்.

"வைக்காதீங்க" என்றாள் மெதுவாக. "நான் இருக்கேன். நீங்க பேச வேண்டாம்."